ஒப்பமிட மறுத்த தந்தை

பிரசன்ன விதானகே 1997இல் உருவாக்கிய 'புரஹந்த களுவர' என்னும் சிங்களத் திரைப்படம் போரைப் பற்றியது. ஆயினும் அதிற் போர்க்களம் காட்டப்படுவதில்லை. மழை பொய்த்த உலர்வலயக் கிராமமொன்றுக்கு முத்திரையிட்ட சவப்பெட்டி ஒன்று வந்து சேர்கிறது. திறக்கக்கூடாது என்பது கட்டளை. பெட்டிக்குள் இருப்பவன் பண்டார என்னும் சிப்பாய் என்கிறது இராணுவம். கண்பார்வையற்ற தந்தை வன்னிஹாமி மட்டும் அதனை நம்ப மறுக்கிறார்.

பண்டார ஏன் இராணுவத்திற் சேர்ந்தான்? கட்டி முடியாத வீடும், கலியாணத்துக்குக் காத்திருக்கும் சகோதரியுமே அதற்கு விடை கூறுகின்றன. முப்பதாண்டுப் போரின்போது தெற்கிலே கட்டாய ஆட்சேர்ப்பு நடைமுறைப்படுத்தப்படவில்லை; அதற்கு அவசியமும் இருக்கவில்லை. வறுமை அந்த வேலையைச் செய்து முடித்தது. 1996 யூலையில் முல்லைத்தீவு முகாம் வீழ்ந்தபோது மாண்ட ஆயிரத்துக்கு மேற்பட்ட படையினரில் மிகப் பெரும்பாலோர் இத்தகைய வீடுகளின் பிள்ளைகளே. அவர்களிற் பலருடைய உடல்கள் ஊர் திரும்பவில்லை.

மகனைப் பறித்த அதே வறுமைதான் தந்தையின் ஒப்பத்தையும் கேட்கிறது. நட்டஈட்டுப் படிவத்தில் அவர் கையொப்பமிட்டாற் கடன் தீரும், வீடு எழும். கிராம உத்தியோகத்தரும் உறவினரும் வற்புறுத்துகின்றனர். இவர்களைக் கொடியவர்களாகச் சித்திரிக்காதது நெறியாளரின் நேர்மை. அவர்கள் கேட்பது நியாயமற்றதுமன்று. ஆனால் ஒப்பமிடுவது மகனின் மரணத்தை ஏற்றுக்கொள்வதாகும். இறுதியிற் கிழவர் மண்வெட்டியுடன் புதைகுழிக்குச் செல்கிறார். பெட்டியினுள்ளே வாழைக்குற்றியும் கற்களுமே இருக்கின்றன. வன்னிஹாமியாக நடித்த ஜோ அபேவிக்ரம 1999இற் சிங்கப்பூர்த் திரைப்பட விழாவிற் சிறந்த நடிகராகத் தெரிவானார். நகைச்சுவை நடிகராகப் பெயர்பெற்ற அவர், இங்கே பேசாமலிருந்தே முழுப் படத்தையும் தாங்குகிறார்.

ஆனையிறவு வீழ்ந்த 2000ஆம் ஆண்டில், படத்தைத் திரையிட வேண்டாமென அரசு பணித்தது. படையினரின் மனவுறுதி குலையும் என்ற அச்சமே காரணம். நெறியாளர் அடிப்படை உரிமை மனுவுடன் உயர் நீதிமன்றஞ் சென்றார். 2001இல் தீர்ப்பு அவருக்குச் சாதகமாகியது. தோல்வியையன்றி, தோல்வியை அறிந்த பெற்றோரையே ஆட்சியாளர் அஞ்சினர் எனலாம்.

இப்படத்திலே தமிழர் எங்கே என நம்மிற் சிலர் வினவக்கூடும். தமிழ்ப் பாத்திரமொன்றைப் புகுத்திச் சமநிலை காட்டியிருந்தாற் படம் பலவீனப்பட்டிருக்கும் என்பதே எனது கருத்து. வன்னிஹாமியின் பிடிவாதத்தை விளங்கிக்கொள்ளத் தமிழ் வாசகருக்கு எவ்விதப் பாலமும் வேண்டியதில்லை. காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு ஒருதடவைக் கொடுப்பனவாக ஒரு இலட்சம் ரூபா வழங்க 2022 மார்ச்சில் அமைச்சரவை அங்கீகாரமளித்தது. அவ்வாண்டிலேயே அத்தொகை இரண்டு இலட்சமாக்கப்பட்டது. வடக்குக் கிழக்கின் தாய்மார் அதனை நிராகரித்தனர். அவர்கள் கேட்டது பணமன்று, பிள்ளைகளுக்கு நேர்ந்தது என்ன என்பதற்கு விடை. கிழவருக்குத் தோண்டிப் பார்க்க ஒரு குழியேனும் இருந்தது. 2017 முதல் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் வீதியோரக் கொட்டில்களில் அமர்ந்த பெற்றோரிற் பலர், அவ்விடையைப் பெறாமலே இறந்துவிட்டனர்.