நீரிழிவும் பருமனும்: ஒரு தீர்ப்பின் வரலாறு

அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துப் பிரதேசத்துச் சிற்றூர் ஒன்றின் வீதியிலே மூன்று வீடுகள் அருகருகே நின்றன. அவற்றிலே அடுத்தடுத்துக் குடியேறிய குடும்பத் தலைவர்கள் எழுவருள் அறுவர் நீரிழிவினால் மாண்டனர். பொஸ்டன் நகர வைத்தியர் எலியட் ஜொஸ்லின் 1921ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்று இச்செய்தியுடனேயே தொடங்குகின்றது. அறுவரும் தொற்றுக் காய்ச்சலினால் இறந்திருப்பின் சுகாதாரப் பகுதியினர் பதறியெழுந்து காரணம் தேடியிருப்பர். நீரிழிவாதலால் எவரும் அசையவில்லை என்பது அவருடைய ஆதங்கம்.

நியாயமான ஆதங்கந்தான். ஆயின் அதே கட்டுரையிலே, நீரிழிவு பெரும்பாலும் பருமனுக்குரிய தண்டனை என்ற கருத்தையும் அவர் வெளியிட்டார். இன்று இரண்டாம் வகை எனப்படும் நீரிழிவுக்கும் பருமனுக்கும் தொடர்புண்டு என்பது மெய். அதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தண்டனை என்று சொன்னவுடன் குற்றவாளி ஒருவன் வேண்டியவனாகிறான். ஊரை எழுப்பப் புகுந்த வைத்தியரே நோயாளியைக் கூண்டிலேற்றும் சொல்லையும் எழுதிவிட்டார்.

பிற்காலப் பத்திரிகைகள் பலவற்றுக்கு இந்தக் கூண்டே வசதியாயிற்று. பெருந்தீனி, சோம்பல், மனவுறுதியின்மை என்று செய்தி எழுதுவர். பக்கத்திலே கழுத்துக்கு மேல் வெட்டப்பட்ட, வயிறு மட்டும் தெரியும் படம். பிரித்தானிய எழுத்தாளர் சார்லட் கூப்பர் 2007இல் இத்தகைய படங்களுக்குத் 'தலையில்லாத் தடியர்' என்று பெயரிட்டுக் கண்டித்தார். முகமற்ற வயிற்றுக்குத் தொழில் இல்லை, வேதனம் இல்லை; அதன் வீட்டருகே எந்த உணவு என்ன விலைக்கு விற்கிறது என்று எவரும் கேட்கப்போவதுமில்லை.

கேளாதிருப்பதில் இலாபம் யாருக்கு? 2015 ஓகஸ்டிலே 'நியூயோர்க் டைம்ஸ்' ஒரு செய்தியை வெளியிட்டது. உண்பதையும் குடிப்பதையும் பற்றி மக்கள் மிகையாகக் கவலைப்படுகின்றனர், தேகப்பயிற்சியையே போதாதளவு கவனிக்கின்றனர் என்று பிரசாரஞ் செய்த விஞ்ஞானிகள் அமைப்பொன்றுக்குக் கொக்கா கோலாக் கொம்பனி 15 இலட்சம் டொலர் வழங்கியிருந்தது. அவ்வாண்டு முடியுமுன் அமைப்புக் கலைந்தது. (இதை அம்பலப்படுத்தியதும் ஒரு பத்திரிகையே என்பதைச் சொல்லாது விடுதல் நேர்மையன்று.)

இனி, இந்தக் கூண்டுக்குள் எவ்வகையிலும் அடங்காத நோயாளரும் உளர். 1955இல் பிலிப் ஹியூ ஜோன்ஸ் யமேக்காவிலே மெலிந்த இளம் நீரிழிவு நோயாளர் சிலரை விவரித்தார். அக்காலத்து வகுப்பெதிலும் அவர்கள் பொருந்தவில்லை. போஷாக்கின்மையோடு தொடர்புடைய நீரிழிவை உலக சுகாதார தாபனம் 1985இல் தனி வகையாக ஏற்றது. சான்று போதாதென்று 1999இல் நீக்கியது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியினர் அமெரிக்க ஆய்வாளரோடு கூடி 2022இல் வெளியிட்ட ஆய்வு, இத்தகைய மெலிந்தோரின் உடலில் இன்சுலின் சுரப்பே குன்றியிருத்தலைக் காட்டியது. 2025 ஏப்ரலிலே பாங்கொக் மாநாட்டில் சர்வதேச நீரிழிவுச் சம்மேளனம் இதனை ஐந்தாம் வகை என ஏற்றுக்கொண்டது.

பெயரில்லாதிருந்த காலத்திலே இவர்களை முதலாம் வகையினர் என்று கருதி நிறைய இன்சுலின் கொடுத்த வைத்தியர்கள் உண்டு. அளவு மிஞ்சினால் இரத்தத்திற் சீனி வேகமாக வீழும். அடுத்த வேளைச் சோறு நிச்சயமில்லாத வீட்டிலே அதனால் உயிரே போய்விடக்கூடும்.