காவலும் மீட்பும்: கிண்டி தேசியப் பூங்காவை முன்வைத்துச் சில கேள்விகள்

தமிழ்நாட்டின் காடுகளில் தீப்பிடித்தாலும், ஆள் வழிதவறினாலும், மரம் விழுந்து பாதை அடைபட்டாலும் முதலில் போய்ச் சேருபவர் பெரும்பாலும் வனக்காப்பாளரோ, தொகுப்பூதியத்தில் வேலை செய்யும் வேட்டைத் தடுப்புக் காவலரோதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வனத்துறை ஊழியர்களைக் காவலர்களாகத் தெளிவாக வரையறுத்திருக்கிறது. அவர்களே மீட்பவர்களாகவும் இருக்க வேண்டியிருப்பதை அது ஏறக்குறைய கவனிக்கவே இல்லை. பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நேரும் விபத்துகளை அடுத்து எழும் குழப்பத்துக்குத் தனியாள்களின் கவனக்குறைவைவிட இந்த இடைவெளியே பெரிய காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம். வாதத்தைச் சோதிக்கக் கிண்டியை எடுத்துக்கொள்கிறேன். மலையும் புலியும் இல்லாத இடம் அது. சாலை, மருத்துவமனை, தீயணைப்பு நிலையம் எல்லாம் கூப்பிடு தூரத்தில் இருக்கின்றன. அங்கேயே இடைவெளி தெரிகிறதென்றால் மேற்குத் தொடர்ச்சி மலையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கிண்டி தேசியப் பூங்காவின் பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர். ஆங்கிலேயர் காலத்தில் ஆளுநர் மாளிகையை ஒட்டிய வேட்டைக் காடாக ஏறத்தாழ 500 ஹெக்டேர் இருந்தது. விடுதலைக்குப் பின் இந்தியத் தொழில்நுட்பக் கழகம், நினைவு மண்டபங்கள், பிற நிறுவனங்கள் என்று துண்டுதுண்டாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மிச்சத்தை 1978இல் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். வெளிமான், புள்ளிமான், நரி, மரநாய், நட்சத்திர ஆமை ஆகியவை வாழும் இந்த முட்புதர்க் காட்டுக்கு ஒரு பக்கம் சர்தார் பட்டேல் சாலை, இன்னொரு பக்கம் வேளச்சேரி சாலை. மானுக்கு மதில் எங்கே முடிகிறது என்று தெரியாது. தெருநாய்க்கு மதிலில் எங்கே ஓட்டை என்று தெரியும். பூங்காவின் அன்றாட நெருக்கடிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வாக்கியங்களுக்குள் அடங்கிவிடும்.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பிரிவு 50 வன அலுவலருக்கும், உதவி ஆய்வாளருக்குக் குறையாத காவல் அலுவலருக்கும் சோதனையிடவும், கைப்பற்றவும், கைது செய்யவும் அதிகாரம் தருகிறது. உதவி வனப் பாதுகாவலர் நிலையிலுள்ளவர் சாட்சிகளை வரவழைத்து வாக்குமூலம் பதிவு செய்யலாம். அது பின்னர் நீதிமன்றத்தில் சான்றாகவும் ஏற்கப்படும். சாதாரணக் காவல் அலுவலருக்குக்கூட இல்லாத வசதி இது. பிரிவு 51 தண்டனைகளை வகுக்கிறது. 2022ஆம் ஆண்டுத் திருத்தம் பொதுவான குற்றங்களுக்கான அபராத உச்சவரம்பை 25,000 ரூபாயிலிருந்து ஒரு லட்சமாக உயர்த்தியது. கள்ள வேட்டையையும் கடத்தலையும் எதிர்கொள்ளத் துறை கையில் வைத்திருக்கும் கருவி கூர்மையானதுதான்.

ஆபத்து காலத்தைப் பற்றி இதே சட்டம் என்ன சொல்கிறது? பிரிவு 33 தலைமை வன உயிரினக் காப்பாளரின் கடமைகளைச் சொல்லுமிடத்தில் விலங்குகளின் பாதுகாப்பை உறுதிசெய்யச் சொல்கிறது. உள்ளே வந்த மனிதரைப் பற்றிப் பேச்சே இல்லை. தீ பற்றிய கடமை பிரிவு 27இல் வருகிறது. சரணாலயத்துக்குள் வசிப்பவர் குற்றத்தைத் தடுக்க வேண்டும், இறந்த விலங்கைப் பற்றித் தகவல் தர வேண்டும், தனக்குத் தெரியவந்த தீயை அணைக்க வேண்டும், அலுவலர் கேட்டால் உதவ வேண்டும். பிரிவு 35 இதையே தேசியப் பூங்காவுக்கும் பொருத்துகிறது. காட்டுக்குள் ஊர் இருக்கும் இடத்தில் இதற்குப் பொருள் உண்டு. ராஜஸ்தானின் ஜெய்சால்மர் பகுதியில் 3,000 சதுர கிலோமீட்டருக்கு மேல் பரந்திருக்கும் பாலைவனத் தேசியப் பூங்கா, பெயரில் தேசியப் பூங்காவாக இருந்தாலும் சட்டப்படி சரணாலயம். அதற்குள் கிராமங்கள் உண்டு. அங்கே அந்தக் கடமையைச் சுமக்க மக்கள் இருக்கிறார்கள். கிண்டிக் காட்டுக்குள் ஊர் ஏது? தீயை அணைக்கும் கடமை யாருக்கு என்று கேட்டால், சட்டத்தின் பதில் ஆளில்லாத வீட்டுக் கதவைத் தட்டுகிறது.

இன்னொரு முனையிலும் இதே சிக்கல். 2016 டிசம்பர் 12ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியபோது நகரெங்கும் மரங்கள் வேரோடு சாய்ந்தன. கிண்டியும் தொழில்நுட்பக் கழக வளாகமும் கடும் இழப்பைக் கண்டன. அடையாறிலோ தியாகராய நகரிலோ தெருவில் மரம் விழுந்தால் மாநகராட்சி ஊழியர் ரம்பத்தோடு வந்து வெட்டிப் போட்டுவிட்டுப் போகலாம். மதிலுக்கு உள்ளே அப்படி முடியாது. பிரிவு 35(6)இன்படி தேசியப் பூங்காவிலிருந்து வனப் பொருள் எதையும் அகற்றத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும். வனவிலங்குகளின் நலனுக்கும் மேலாண்மைக்கும் அது தேவை என்று மாநில அரசு தேசிய வாரியத்தைக் கலந்து நிறைவடைந்த பின்னரே அந்த அனுமதியைத் தர முடியும். சூழலியல் நோக்கில் இந்தத் தடை சரியானது. விழுந்து மக்கும் மரம் காட்டுக்கு உரம், பூச்சிக்கு வீடு, பறவைக்கு இரை. அதை விறகாக்கி விற்பதைத் தடுக்கவே விதி. ஆனால் உள்ளேயிருக்கும் ஒரே வண்டிப் பாதையின் குறுக்கே மரம் கிடக்கும்போது, அதை வெட்டி ஓரமாய்த் தள்ளுவது ‘அகற்றுதல்’ ஆகுமா என்று எந்த அலுவலரும் நின்று யோசிப்பதில்லை. வெட்டிவிடுகிறார்கள். அது நல்லதுதான். ஆனால் நெருக்கடி வேலை முழுவதும் இப்படி விதியைக் கண்டும் காணாமல் நடந்தால், நாளை ஏதாவது தவறாகும்போது அதே விதி வெட்டியவரின் கழுத்தைப் பிடிக்கும்.

அப்படிப் பிடித்த இடம் குரங்கணி. 2018 மார்ச் 11, ஞாயிற்றுக்கிழமை. தேனி மாவட்டம் போடிநாயக்கனூருக்கு மேலே கொழுக்குமலைப் பக்கம் மலையேறிவிட்டு இறங்கிக்கொண்டிருந்த இரண்டு குழுக்களைக் காட்டுத்தீ சூழ்ந்தது. ஒரு குழு சென்னையிலிருந்து போனது. அதில் பெண்களே அதிகம். இன்னொன்று ஈரோடு, திருப்பூர் பக்கத்தது. காய்ந்த புல் ஆளுயரம் நிற்கும் சரிவில், மேல்நோக்கி வீசும் காற்றில் தீ ஓடும் வேகத்துக்கு மனிதர் ஓட முடியாது. சம்பவ இடத்தில் ஒன்பது பேர் இறந்தார்கள். பின்னர் மருத்துவமனைகளில் இறந்தவர்களையும் சேர்த்து எண்ணிக்கை 23 ஆயிற்று. முதலில் ஓடிப்போய்த் தூக்கியவர்கள் மலையடி ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களும். இருட்டு சூழ்ந்ததால் விமானப்படையின் ஹெலிகாப்டர்கள் மறுநாள் விடிந்த பிறகே முழுமூச்சாக இயங்க முடிந்தது.

பிறகு நடந்ததுதான் நம் ஆய்வுக்குரியது. அனுமதி பெற்ற பாதை எது, போன பாதை எது என்பது முதல் கேள்வியாயிற்று. வனச்சரக அலுவலர் ஒருவர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டார். ஏற்பாட்டாளர்கள் மீது வழக்குகள் வந்தன. அரசு அமைத்த, அதிகாரி அதுல்ய மிஸ்ராவின் விசாரணைக்குப் பின், அதே ஆண்டு மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தும் விதிகள் வெளியாயின. இவை அனைத்தும் தேவையான நடவடிக்கைகளே. ஆனால் எல்லாம் காவல் நோக்கிலிருந்து கேட்கப்பட்ட கேள்விகளின் விடைகள்: யார் நுழைந்தார்கள், யார் விட்டார்கள். மாலை நேரத்தில் தகவல் வந்தவுடன் அந்தச் சரிவில் ஆணையிடும் உரிமை யாருக்கு என்ற மீட்பு நோக்கிலான கேள்வி பின்னுக்குப் போயிற்று. 2024 அக்டோபரில் ‘ட்ரெக் தமிழ்நாடு’ என்ற பெயரில் 40 பாதைகளை அரசே திறந்துவிட்டிருக்கிறது. மக்களை அரசே காட்டுக்குள் அழைக்கும் நிலையில் அந்தக் கேள்வியை இனியும் தள்ளிப்போட முடியாது.

பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005 இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது. அதன் பிரிவு 25 மாவட்ட ஆணையத்துக்கு ஆட்சியரைத் தலைவராக்கி, காவல் கண்காணிப்பாளரையும் தலைமை மருத்துவ அலுவலரையும் பதவிவழி உறுப்பினர்களாக்குகிறது. மாவட்ட வன அலுவலர் அந்த வரிசையில் இல்லை. மாநில அரசு விரும்பினால் கூடுதலாக நியமிக்கலாம் என்ற இடத்தில்தான் அவருக்கு வாய்ப்பு. தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் 2010இல் வெளியிட்ட நிகழ்வு எதிர்வினை வழிகாட்டு நெறிகளும் மாவட்டம், கோட்டம், வட்டம் என்று வருவாய்த் துறையின் அடுக்கிலேயே குழுக்களை அமைக்கின்றன. காடோ வனச்சரகம், பிரிவு, காவல்சுற்று என்று வேறு வரைபடத்தில் இயங்குகிறது. வட்டாட்சியருக்குத் தன் வட்டத்திலுள்ள காட்டின் ஓடைகளும் ஒற்றையடிப் பாதைகளும் தெரிய வேண்டிய கட்டாயம் இல்லை. அவை தெரிந்த ரேஞ்சருக்கு ஆணையிடும் உரிமை இல்லை. சென்னையில் அடுக்கு இன்னும் கூடுகிறது: 2025ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி தலைநகரங்களிலும் மாநகராட்சியுள்ள நகரங்களிலும் மாநகராட்சி ஆணையரைத் தலைவராகக் கொண்ட நகர்ப்புற ஆணையம் ஒன்றையும் மாநில அரசு அமைக்கலாம்.

ஓர் இடத்துக்கு ஒரே தலைமை என்ற நிகழ்விடக் கட்டளைக் கருத்தே தீயிலிருந்து பிறந்தது. 1970இல் கலிபோர்னியாவை எரித்த காட்டுத்தீக்களின்போது பல துறைகள் ஒரே சரிவில் ஒன்றுக்கொன்று தெரியாமல் வேலை செய்ததைக் கண்டு உருவாக்கிய முறை அது. அதே ஆண்டு ஜூலையில் அங்குள்ள யோசமிட்டி தேசியப் பூங்காவில் இளைஞர்களுக்கும் பூங்கா ரேஞ்சர்களுக்கும் மோதல் வெடித்தது. அதன் தொடர்ச்சியாக ரேஞ்சர்களின் காவல் அதிகாரத்தை 1976ஆம் ஆண்டுச் சட்டம் முறைப்படுத்தியது. ஆனால் அதற்கு மிக முன்பே, 1930ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று ஆபத்திலிருக்கும் பார்வையாளருக்கு உதவும் அதிகாரத்தைப் பூங்கா நிர்வாகத்துக்குத் தந்திருந்தது. அங்கே மீட்பு முந்தியது, போலீஸ் வேலை பிந்தியது. நம் சட்டத்தில் வரிசை தலைகீழ். மீட்பு என்ற இரண்டாவது படி இன்னும் எழுதப்படவே இல்லை.

அமெரிக்கப் பாலைவனப் பூங்காக்கள் இங்கே பாடமாவதற்குக் காரணம் உண்டு. மரணப் பள்ளத்தாக்குப் பூங்கா கிண்டியைப் போல் சுமார் 5,000 மடங்கு பெரியது. 1913 ஜூலை 10ஆம் தேதி அங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலகின் உச்ச வெப்பநிலையாக ஏற்கப்பட்டிருக்கிறது. கடும் வெயிலில் காற்றின் அடர்த்தி குறைவதால் ஹெலிகாப்டரால் போதிய தூக்குவிசை பெற முடியாமல் போகும் நாள்கள் உண்டு. ஆகவே கோடையில் தாழ்வான பகுதிகளில் காலை 10 மணிக்கு மேல் நடக்க வேண்டாம் என்று பார்வையாளரைத் தடுத்து நிறுத்துவதே அங்கு பெரிய மீட்பு வேலை. எச்சரிப்பவரும், வழக்குப் போடுபவரும், முதலுதவி செய்பவரும் ஒரே சீருடைக்காரர் என்பதால் எச்சரிக்கைக்கு எடை கூடுகிறது. வெயிலின் ஆபத்து சென்னைக்கு அந்நியமான விஷயமில்லை. நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி பதிவானது. 2024 அக்டோபர் 6ஆம் தேதி மெரினாவில் விமான சாகசத்தைப் பார்க்கத் திரண்ட கூட்டத்தில் ஐவர் உயிரிழந்தபோது வெயிலின் கடுமைதான் பெரிதாகப் பேசப்பட்டது. கூட்டத்தைக் கட்டுப்படுத்துவது ஒரு வேலை. அதே கூட்டத்துக்குத் தண்ணீரும் வெளியேறும் வழியும் உறுதிசெய்வது இன்னொரு வேலை. இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தலைமை வேண்டும்.

இந்த மாதிரியில் ஆபத்தும் இருக்கிறது. அரிசோனாவின் ஆர்கன் பைப் கள்ளிப் பூங்காவில் 2002 ஆகஸ்டில் ரேஞ்சர் கிரிஸ் எகிள் மெக்சிகோ எல்லை தாண்டிவந்த ஆயுததாரிகளால் சுட்டுக் கொல்லப்பட்டார். அதன்பின் பூங்காவின் பெரும்பகுதி பார்வையாளருக்கு மூடப்பட்டு, 2014இல்தான் முழுமையாகத் திறந்தது. காவல் தேவை முற்றினால் பூங்காவின் மற்ற நோக்கங்களை அது விழுங்கிவிடும். ஆகவே நம் வனக்காப்பாளரை இன்னும் பெரிய போலீஸ்காரராக்கும் யோசனையை நான் ஏற்கவில்லை.

‘மீட்பு எங்கள் வேலையில்லை, தீயணைப்பு மற்றும் மீட்புப் பணிகள் துறை எதற்கு இருக்கிறது’ என்று வனத்துறைக்குள்ளிருந்தே மறுப்பு வரலாம். நியாயம் இல்லாமலில்லை. ஏற்கெனவே ஆள் பற்றாத சரகத்தின் தலையில் இன்னொரு சுமையா? ஆனால் அந்தச் சுமை காகிதத்தில் இல்லாதபோதும் தோளில் இருக்கிறது. வெள்ளம் வந்தால் வேளச்சேரி வீடுகளில் பாம்பு நுழைகிறது. மக்கள் கூப்பிடுவது கிண்டியிலுள்ள வனத்துறையைத்தான். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது எந்தச் சட்டப்பிரிவு பார்த்தும் எவரும் பாம்பு பிடிக்கவில்லை. தீயணைப்பு வண்டியோ முட்புதருக்குள் போகாது. அது மண் பாதையின் வாசலில் நிற்கும்போது, எந்தக் குளத்தில் தண்ணீர் இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் புகையைத் தள்ளும், மான் கூட்டம் எந்த மதில் பக்கம் ஓடும் என்று சொல்லக்கூடியவர் காவல்சுற்றில் நடந்து பழகியவர்தான்.

நான் முன்வைப்பது சிறிய மாற்றம். பாதுகாக்கப்பட்ட பகுதிக்குள் நேரும் எந்த நெருக்கடியிலும், பேரிடர் ஆணையம் முறைப்படி பொறுப்பேற்கும் வரை, வனச்சரக அலுவலரே நிகழ்விடத் தலைவர். அந்த இடைவேளையில் காவல்துறை, தீயணைப்புத் துறை, 108 ஆம்புலன்ஸ் ஊழியர் ஆகியோர் அவர் சொற்படி இயங்குவர். உயிர்காக்க நல்லெண்ணத்துடன் அவர் செய்தது பின்னர் விதிமீறலாகக் கருதப்படாது. ஒரே நிகழ்வில் மீட்புத் தலைவராக இருந்தவர் அந்நிகழ்வின் குற்ற விசாரணையை நடத்தக் கூடாது என்பதையும் சேர்க்க வேண்டும். தன் ஆணையைத் தானே விசாரிப்பது யாருக்கும் நல்லதல்ல. காப்பாற்ற வந்தவர் வழக்கும் போடுவார் என்ற பயத்தில் அனுமதியின்றி நுழைந்தவர் உதவி கேட்கத் தயங்குவதும் குறையும். வேட்டைத் தடுப்புக் காவலருக்கு முதலுதவிப் பயிற்சியும் காப்பீடும் இல்லாமல் இது எதுவும் நடக்காது.

இதற்குச் சட்டத் திருத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். மேலே சொன்ன விதிமீறல் விலக்கு ஒன்றுக்குத்தான் அரசாணையோ திருத்தமோ தேவைப்படலாம். மற்றவை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தில் ஓர் இணைப்பாகச் சேரக்கூடியவை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் பிரிவு 31 அத்திட்டத்தை ஆண்டுதோறும் மறுபார்வை செய்யச் சொல்கிறது. கிண்டியில் தொடங்குவது எளிது: ஆளுநர் மாளிகை, தொழில்நுட்பக் கழகம், புற்றுநோய் மருத்துவமனை, சிறுவர் பூங்கா, பாம்புப் பண்ணை, மாநகராட்சியின் அடையாறு மண்டலம் ஆகிய அண்டைவீட்டார் அனைவரையும் ஒரே மேசையில் உட்கார வைத்துவிடலாம். சென்னைக்கு ஆபத்து வடகிழக்குப் பருவமழையோடு வருவதால் அந்த இணைப்பு செப்டம்பருக்குள் தயாராக வேண்டும். தேனி, நீலகிரி, கோவை போன்ற மலை மாவட்டங்களுக்குப் புல் காயத் தொடங்கும் ஜனவரியே கெடு.