வரதன் கழித்த முடிவிலி

பாகூர் பக்கம் போயிருக்கீங்களா? ஏரிக்குக் கீழே கண்ணுக்கெட்டின தூரம் வயல். அந்த வரப்புகளை எல்லாத் திசையிலும் முடிவே இல்லாத சதுரக் கட்டங்களா நினைச்சுக்கோங்க. ஒரே நிபந்தனை: ஒருமுறை மிதிச்ச சந்திப்பை மறுபடி மிதிக்கக் கூடாது. ஓர் அடி நடக்க 4 வழி, ரெண்டு அடிக்கு 12, மூணுக்கு 36. நாலாவதுக்கு 108 வரணுமே? 100தான். மீதி எட்டும் ஒரு சுற்று சுற்றி கிளம்பின இடத்துக்கே வந்துடும். இந்த எண்ணிக்கைக்குப் பொதுச் சூத்திரம் இன்னைக்கும் கிடையாது.

இதில் முதலில் அக்கறை காட்டினவங்க வேதியியல்காரங்க. பாலிமர் ஒரு நீளச் சங்கிலி. அதன் ரெண்டு கண்ணிகள் ஒரே இடத்தில் இருக்க முடியாது. இஷ்டத்துக்கு 10,000 அடி தள்ளாடினா சுமார் 100 அடி தூரம்தான் போவீங்க. தடம் திரும்பாத நடையில் அது ஆயிரம் அளவுக்குப் போகும்னு பால் ஃப்ளோரி 1949-இல் போட்ட கணக்கு சொல்லுது. அவர் சொன்ன காரணம் தேறாதுங்கிறாங்க. விடை மட்டும் சரியாவே தெரியுது!

இங்கேதான் நம்ம ஊர்க்காரர் வர்றார். 1940-இல் சென்னையில் பிறந்து, மாநிலக் கல்லூரியில் படிச்சு, கொல்கத்தாவில் சி. ஆர். ராவிடம் ஆய்வு செஞ்சு, 1963-இல் நியூயார்க் போன ஸ்ரீனிவாச வரதன். கட்டம் இல்லாத, தொடர்ச்சியான நடையை அவர் எடுத்துக்கிட்டார். அதில் தடத்தை வெட்டக் கூடாதுன்னு தடை இல்லை, வெட்டினா அபராதம். சிக்கல் என்னன்னா, தளத்தில் அந்த அபராதம் முடிவிலியாயிடும். சராசரி முடிவிலியை ஒழுங்கா கழிச்சா மிச்சம் அர்த்தமுள்ளதா நிக்கும்னு 1969-இல் நிரூபிச்சார், அதுவும் சைமன்சிக்கோட கட்டுரைக்கு எழுதின ஒரு பின்னிணைப்பில். 2007-இல் ஏபல் பரிசு வாங்கினது பெரும்பாலும் வேற வேலைக்கு. எனக்கென்னவோ இந்தப் பின்னிணைப்பைப் பத்தியும் நாம நிறையப் பேசணும்.

கறாரான நடை மட்டும் இன்னும் பிடிபடலை. 5 பரிமாணமும் அதுக்கு மேலயும் ஹாராவும் ஸ்லேடும் 1992-இல் முடிச்சுட்டாங்க. அறுகோணக் கட்டத்தில் வழிகள் பெருகுற வேகத்தை 2010-இல் ஸ்மிர்னோவும் டுமினில்-கோப்பானும் நிரூபிச்சாங்க. சதுரத்துக்கு 2.638-னு தோராயம்தான்.

முடிவே இல்லாத நடைன்னு ஒண்ணு இருக்கா? அடியடியா இஷ்டத்துக்கு வளர்த்தா, சராசரியா 71 அடியில் சொந்தத் தடத்துக்குள்ளேயே மாட்டிப்பீங்க. அதனால வேற வழி: நீளமான நடைகள் எல்லாத்துக்கும் சம வாய்ப்பு கொடுத்து, முதல் சில அடிகளை மட்டும் பாருங்க. நீளம் கூடக்கூட அந்த வாய்ப்புகள் ஒரு நிலைக்கு வருமா? ஒரு பக்கம் கரை கட்டின அரைத்தளத்தில் வரும்னு நிரூபணம் இருக்கு. முழுத்தளத்தில் இன்னும் இல்லை.