சோவெட்டோவில் காயம்பட்டோரைக் காத்தவர்கள்

தென்னாப்பிரிக்காவின் ஜோகானஸ்பர்க்கை அடுத்துள்ள சோவெட்டோவில் 1976ஆம் ஆண்டு ஜூன் 16ஆம் நாள் எடுக்கப்பெற்ற ஒரு புகைப்படம் உலகம் அறிந்ததாகும். குண்டடி பட்ட சிறுவன் ஒருவனைக் கைகளில் ஏந்தியவாறு ஓர் இளைஞன் ஓடி வருகின்றான். பள்ளிச் சீருடை அணிந்த பெண்ணொருத்தி கையை உயர்த்திக் கதறியவாறு உடன் ஓடுகின்றாள். சிறுவன் ஹெக்டர் பீட்டர்சன், வயது 12. பெண் அவன் தமக்கை அந்துவானெட். இளைஞன் ம்புயிசா மக்குபு, வயது 18. படமெடுத்தவர் 'தி வேர்ல்ட்' பத்திரிகையைச் சேர்ந்த சாம் நிசிமா.

அச்சிறுவனை மருத்துவ நிலையத்திற்குக் கொண்டு சென்றது ஆம்புலன்ஸ் வண்டியன்று; அதே பத்திரிகையின் பெண் நிருபர் சோஃபி டெமாவின் சிறிய கார்தான். அவன் இறந்துவிட்டான் என்பதே அங்குக் கிடைத்த விடை. அவனுக்கு முன்னரே 15 வயது ஹேஸ்டிங்ஸ் என்டுலோவு சுடப்பட்டான் என்பாரும் உளர். படம் வாய்த்தவன் பெயர் நிலைத்தது. வாய்க்காதவன் பெயரைச் சிலரே அறிவர்.

இத்துணைக்கும் காரணம் யாது? பாடமொழி. கறுப்பின மாணவர்க்குக் கணக்கும் சமூகக் கல்வியும் ஆப்பிரிக்கான்ஸ் மொழியிலேயே கற்பிக்கப்பட வேண்டுமென 1974இல் கல்வித் துறை ஆணையிட்டது. ஆசிரியர் பலருக்கே அம்மொழி வராது. தாம் அறியாத மொழியில் கணக்கைக் கற்பிப்பது எங்ஙனம் என அவர்தம் சங்கம் எடுத்துரைத்தும் ஆணை மாறவில்லை. மாணவர் பல்லாயிரவர் ஊர்வலம் புறப்பட்டனர். போலீசார் கண்ணீர்ப்புகை வீசினர், பின்னர் சுட்டனர்.

காயம்பட்டோர் பலர் பாரக்வனாத் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டனர். இஃது இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், பிரிட்டிஷ் படைவீரர்க்கெனக் கட்டப்பெற்றுப் பின்னர்க் கறுப்பின மக்களுக்குரியதாக்கப்பட்ட இடம். சிகிச்சை நடந்துகொண்டிருக்கையிலேயே போலீசாரின் கோரிக்கை ஒன்று வந்தது: குண்டுக் காயத்துடன் வந்தோர் பெயர்ப்பட்டியல் வேண்டும். கலகத்தில் ஈடுபட்டோர் என அவர்கள்மீது வழக்குத் தொடுப்பதே நோக்கம். அதாவது, சுட்டவரே தாம் ஏற்படுத்திய காயத்தைச் சுடப்பட்டவனின் குற்றத்திற்குச் சான்றாக்க முனைந்தனர். நிர்வாகிகள் இக்கோரிக்கையை மருத்துவரிடம் அனுப்பினர். மருத்துவர்கள் பட்டியல் தர மறுத்தனர். ஏட்டில் குண்டுக் காயங்களைச் 'சீழ்க்கட்டி' என்றே எழுதிவைத்தனர்.

பதிவேட்டில் உள்ளதை மாற்றி எழுதுதல் எத்தொழிலிலும் இழுக்கே; ஏடு காப்போர் அனைவரும் இதனை அறிவர். எனினும் இங்கே உண்மையை எழுதியிருப்பின் விளைவு என்ன? குண்டடி பட்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுவரப் பெற்றோர் அஞ்சுவர். வீட்டிலேயே குருதி வடிந்து சாகும் பிள்ளைகள் பெருகுவர். மருத்துவமனை போலீஸ் நிலையத்தின் முன்னறையாக மாறிய நாளிலேயே அதன் தொழில் முடிந்துவிடும். ஆதலின் அம்மருத்துவர்கள் செய்தது தகும் என்றே கொள்ளல் வேண்டும். அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த ஏடுகளைக் கொண்டு குண்டடி பட்டோரைக் கணக்கிட முயலும் வரலாற்றாசிரியர்க்குச் சீழ்க்கட்டிகளே கிடைக்கும். நீதிபதி சில்லியே தலைமையில் அமைந்த விசாரணைக் குழு, 1977 பிப்ரவரி வரை நாடெங்கும் நடந்த கலவரங்களில் 575 பேர் மாண்டதாக 1980இல் கூறிற்று. தொகையைப் பற்றிய வாதம் அத்துடன் ஓயவில்லை.

சாம் நிசிமா போலீசாரின் தொல்லைக்கு ஆளாகி வீட்டுக்காவலில் வைக்கப்பட்டார். 'தி வேர்ல்ட்' 1977 அக்டோபரில் தடை செய்யப்பட்டது. சிறுவனைச் சுமந்து ஓடிய ம்புயிசாவையும் போலீசார் விடவில்லை. அவன் நாட்டை விட்டே வெளியேறினான். 1978இல் நைஜீரியாவிலிருந்து அவன் தாய்க்கு ஒரு கடிதம் வந்தது. 1996இல் உண்மை, நல்லிணக்க ஆணையத்தின் முன் அத்தாய் சாட்சி சொன்னபோதும் அதற்குப்பின் வேறு கடிதம் வந்திருக்கவில்லை.