புள்ளலூர் வாணமும் நம் பிள்ளைகளின் கணக்கும்



"கணக்கா? அதெல்லாம் நம்ம பிள்ளைங்களுக்கு வராதுங்க!" பேராக் தோட்டப்புறங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பால்மரம் போய்ச் செம்பனை வந்த பிறகும் இந்தப் பேச்சு மட்டும் போகவில்லை. இடைநிலைப் பள்ளியில் 'சைன்', 'கோசைன்' என்றதும் மிரண்டு, அறிவியல் பிரிவே வேண்டாம் என ஒதுங்கும் பிள்ளைகளும் உண்டு. அந்தக் கணக்கு யார் வீட்டுச் சொத்து? சரித்திரத்தைச் சற்றே புரட்டுவோம்.

1780 செப்டம்பர் 10. காஞ்சிபுரத்திற்கு அருகே புள்ளலூர். ஆங்கிலேயர் இதைப் 'பொள்ளிலூர்' என்று எழுதினர். ஐதர் அலியும் அவர் மகன் திப்பு சுல்தானும் கர்னல் பெய்லியின் படையை அங்கே வளைத்துக்கொண்டனர். மைசூர்ப் படையிடம் போர்வாணங்கள் இருந்தன. இரும்புக் குழாயில் வெடிமருந்தை இறுக்கி அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டிக் கொளுத்தி விடுவார்கள். பெய்லியின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின. படை தோற்றது, அவரும் சிறைப்பட்டார். 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தபின் இவ்வாணங்கள் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தன. அவற்றைப் பார்த்துத்தான் காங்கிரீவ் என்பவர் அங்கே ராக்கெட் செய்தார்.

வாணத்தைப் படுக்க வைத்து விட்டால் கிட்டவே விழும். நேராக நிமிர்த்தினால் நம் தலையிலேயே விழும்! எந்தச் சாய்வில் விடுவது? 45 பாகையில் விட்டால் அதிக தூரம் போகும் என்று இத்தாலியரான தார்த்தாலியா 1537இல் எழுதினார். அதன் காரணத்தை விளக்கியவர் கலிலியோ (1638). எறிந்த பொருள் முன்னோக்கிப் போவது ஒரு கணக்கு, மேலேறி இறங்குவது வேறொரு கணக்கு என்று அவர் பிரித்துக் காட்டினார்.

மருந்து எரிந்து தீர்ந்தபின் வாணமும் எறிந்த கல்லைப் போலத்தான் போகும். ஆகவே ஒரு கல்லையே எடுத்துக்கொள்வோம். வேகம் விநாடிக்கு 20 மீட்டர், சாய்வு 30 பாகை. காற்றின் தடையை விட்டுவிடுவோம்.

மேல்நோக்கிய வேகத்தைச் சைன் சொல்லும்: 20 × 0.5 = 10.
முன்னோக்கிய வேகத்தைக் கோசைன் சொல்லும்: 20 × 0.866 = 17.3.

பூமியின் இழுப்பு மேல்வேகத்தை விநாடிக்குச் சுமார் 10 குறைக்கும். ஆக, ஏற 1 விநாடி, இறங்க 1 விநாடி. 2 விநாடியில் கல் போகும் தூரம் 17.3 × 2 = 34.6 மீட்டர். இதையே 60 பாகையில் எறிந்து பாருங்கள், அதே 34.6 வரும்! 45 பாகையிலோ 40 மீட்டர். அட, இவ்வளவுதானா என்று தோன்றுகிறதல்லவா?

இன்னொரு செய்தி. 'சைன்' என்பது அந்நியச் சொல் அன்று. கி.பி. 499இல் ஆரியபட்டர் 'ஜ்யா' என்ற பெயரில் இதற்கு அட்டவணையே தந்தார். ஜ்யா என்றால் வில்லின் நாண். அது அரபு நாட்டுக்குப் போய் 'ஜீபா' ஆயிற்று. அதை 'ஜைப்' என்று மாற்றிப் படித்ததால் லத்தீனில் 'சைனஸ்' ஆயிற்று. பிறகு 'சைன்' என்று நம்மிடமே திரும்பி வந்தது.

ராமேசுவரத்துப் பிள்ளை அப்துல் கலாம் 1960களில் அமெரிக்க விண்வெளி நிலையமொன்றில் திப்புவின் வாணப்படை ஓவியத்தைக் கண்டு பெருமிதம் கொண்டார். அவர் தலைமையில் உருவான எஸ்.எல்.வி.-3 ராக்கெட் 1980இல் ரோகிணி துணைக்கோளை விண்ணில் சேர்த்தது.

பெற்றோர்களே, "உனக்கு வராது" என்ற சொல்லை இன்றோடு விட்டுவிடுங்கள். மாணவர்களே, கல்லை மாமரத்தில் எறிவதோடு நிற்காதீர்கள். அது போகும் வழியைத் தாளில் போட்டுப் பாருங்கள். நம் முன்னோர் தொடங்கிய கணக்கு இது. நமக்கு வராமலா போகும்?

வாழ்க தமிழ்! வளர்க நம் பள்ளி!