கணிப்பொறிக்கு இட்ட நிவந்தம்

நம் ஊர்க் கோவில்களின் சுவர்களிலே, நந்தா விளக்கு எரிப்பதற்கு விட்ட நிவந்தங்களைக் கூறும் கல்வெட்டுக்கள் ஏராளமாக உள. சோழர் காலத்தில் விளக்கு ஒன்றுக்குப் பெரும்பாலும் 90 அல்லது 96 ஆடுகள் வழங்கப்பெற்றன. அவற்றைச் 'சாவா மூவாப் பேராடு' என்று கல்வெட்டுக்கள் குறிக்கின்றன. ஆடுகளை ஏற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் உழக்கு நெய் அளத்தல் வேண்டும். ஓர் ஆடு இறப்பினும் குட்டி ஒன்று அதன் இடத்தை நிரப்பிவிடும். ஆதலின் மந்தைக்குச் சாவும் இல்லை, மூப்பும் இல்லை. கொடுத்தவர் மறைந்த பின்னரும் விளக்கு எரிந்துகொண்டிருக்கும்.

மத்திய அரசாங்கத்தின் ஏடுகளைத் தமிழாக்கும் தொழிலில் இருக்கும் நமக்கு, 'மானியம்' என்ற சொல்லை எழுத நேரும் போதெல்லாம் இந்த ஆடுகள் நினைவுக்கு வருவதுண்டு. ஆராய்ச்சிக்குப் பொருள் வழங்கும் வகை இரண்டு. ஆய்வாளனுக்கு வேண்டிய கருவியை வாங்கித் தருவது ஒன்று. ஆய்வாளனையே வளர்த்துவிடுவது மற்றொன்று. நம் நாட்டில் கணிப்பொறி ஆராய்ச்சி வேரூன்றிய வரலாற்றில் இவ்விரண்டும் மாறி மாறி வருகின்றன.

முதலில் கல்கத்தா. பேராசிரியர் மகலநோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிலையத்தில், சமரேந்திர குமார் மித்ரா என்பாரின் தலைமையில் 1953-இல் ஒப்புமைக் கணிப்பொறி ஒன்று உருவாயிற்று. பத்து மாறிகள் கொண்ட பத்துச் சமன்பாடுகளை அது விடுவிக்கும். அதற்கு இரண்டாண்டுகளுக்குப் பின், 1955-இல், இங்கிலாந்திலிருந்து ஹெச்.இ.சி. 2எம் என்னும் பொறியை அந்நிலையம் விலைக்கு வாங்கி நிறுவிற்று. இந்தியாவில் இயங்கிய முதல் இலக்கக் கணிப்பொறி அதுவே. அதன் விலை ஏறத்தாழ 2 லட்சம் ரூபாய். ஐந்தாண்டுத் திட்டங்களுக்கு வேண்டிய பெருங் கணக்குகள் காத்திருந்தன. ஆகவே கல்கத்தா வாங்கியதில் குறை காண இடமில்லை.

பம்பாய் வேறு வழியிற் சென்றது. 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஹோமி பாபா, சர் தோராப்ஜி டாட்டா அறநிலையத்துக்கு ஒரு கடிதம் வரைந்தார். அடிப்படைப் பௌதிகத்துக்கு ஓர் ஆராய்ச்சிக் கூடம் அமைக்க வேண்டும் என்பதே அவர் கோரிக்கை. அணுச் சக்தியை நாடு பயன்படுத்தும் காலம் வரும்போது வல்லுநர்களுக்காக வெளிநாட்டை நோக்கி நிற்கும் நிலை நமக்கு நேரக்கூடாது என்று அதில் அவர் வாதாடினார். அணுகுண்டு பற்றி உலகம் அறியாத நாளில் எழுதிய கடிதம் அது என்பதை நேயர்கள் நினைவிற் கொள்ள வேண்டும். அறநிலையம் இசைந்தது. 1945-இல் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையம் பெங்களூரிலே தொடங்கி, அவ்வாண்டின் இறுதியிலேயே பம்பாய்க்குப் பெயர்ந்தது. அறநிலையம், பம்பாய் அரசாங்கம், இந்திய அரசாங்கம் ஆகிய மூவரும் பின்னர் ஓர் உடன்படிக்கை செய்துகொள்ள, செலவின் பெரும்பாரத்தை மத்திய அரசாங்கம் ஏற்றது.

தகுந்த ஆளை முதலிற் கண்டு, அவரைச் சுற்றிப் பணியை வளர விடுவது பாபாவின் வழக்கம். 1954-இல் அவர் கண்டெடுத்தவர் ஆர். நரசிம்மன். சென்னையிற் பிறந்து, கிண்டிப் பொறியியற் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. அவருடைய குழுவில் இருந்தவர்கள் ஆறே பேர். பெரும்பாலார் பௌதிகப் பட்டதாரிகள். நரசிம்மனைத் தவிர ஏனையோர் எவரும் அதற்கு முன் கணிப்பொறியைக் கையாண்டதில்லை!

இத்தகையோரிடம் ஒரு கணிப்பொறியை வடிவமைத்துக் கட்டுமாறு பணத்தை ஒப்படைப்பதற்கு எந்த நிதி அதிகாரி முன்வருவார்? நாமறிந்த கோப்புக்களின் நடை வேறு. ஓர் அலுவலகத்தில், ஆய்வாளர் ஒருவர் கேட்ட சிறு கருவிக்கு, 'இதற்குமுன் இதனைச் செய்த அனுபவம் உண்டா?' என்று குறிப்பெழுதித் திருப்பிய கோப்பு ஒன்றை நாமே மொழிபெயர்த்திருக்கிறோம். புதியது செய்ய விரும்புவோனிடம் பழைய அனுபவத்தைக் கேட்பதில் உள்ள வேடிக்கை, மொழிபெயர்ப்பிலும் குன்றவில்லை.

பம்பாய்க் குழுவினர் முதலில் ஒரு முன்மாதிரிப் பொறியை அமைத்தனர். 1956-இன் இறுதியில் அது இயங்கிற்று. அதிற் கற்ற பாடங்களைக் கொண்டு முழு அளவுப் பொறியை 1957-இல் தொடங்கி, 1959-இற் கட்டி முடித்து, 1960-இற் பயனுக்குக் கொண்டுவந்தனர். வெற்றிடக் குழாய்கள் மட்டும் ஏறத்தாழ 2,700, தடைகள் 12,500. நினைவகத்துக்கு மணிபோன்ற சிறு காந்த வளையங்களைக் கம்பியிற் கோத்தனர். ஒவ்வொன்றும் 40 இலக்கம் கொண்ட 2,048 சொற்களை அந்நினைவகம் தாங்கிற்று. இன்று நம் சட்டைப் பையில் உறங்கும் கைப்பேசியின் முன் இது கடுகினும் சிறிது. ஆயினும் காந்த வளைய நினைவகம் அந்நாளில் உலகின் முன்னணிப் பொறிகளுக்கே உரிய புதுமை. 1962-இல் பிரதமர் நேரு இதற்கு 'டிஃப்ராக்' என்று பெயர் சூட்டினார்.

பெயர் சூட்டிய இரண்டே ஆண்டுகளில், 1964-இல், அதே நிலையத்துக்கு அமெரிக்க உதவி நிதியின் துணையால் சி.டி.சி. 3600 என்னும் பேராற்றல் வாய்ந்த பொறி வந்து சேர்ந்தது. டிஃப்ராக் ஓய்வு பெற்றது. குழாய்களின் காலம் முடிந்து டிரான்சிஸ்டரின் காலம் பிறந்துவிட்டமையால், பொறி கட்டப்படும்போதே பழமை எய்திக் கொண்டிருந்தது. அப்படியாயின் அப்பணம் வீண்தானே என்று கேட்போர் அன்றும் இருந்தனர், இன்றும் உளர்.

பொறியை மட்டும் எண்ணினால் அக்கேள்வி நியாயமே. ஆனால் சி.டி.சி. வந்திறங்கியபோது அதனைப் புரிந்துகொண்டு ஆள்வதற்கு ஒரு கூட்டம் அங்கே ஆயத்தமாக இருந்தது. 1965-இல் இந்தியக் கணிப்பொறிச் சங்கம் தோன்றியபோது நரசிம்மனே அதன் முதல் தலைவரானார். நம் குறையெல்லாம் இதற்கு அடுத்த கட்டத்தைப் பற்றியதே. கட்டக் கற்றவர்களுக்கு இரண்டாவது பொறியையும் மூன்றாவது பொறியையும் கட்டப் பொருள் தொடர்ந்து கிடைத்திருக்க வேண்டும். 1962-இன் சீனப் போருக்குப் பின் மின்னணுத் துறையை ஆராயப் பாபாவின் தலைமையில் 1963-இல் ஒரு குழு அமைந்தது. அறிக்கை வெளிவந்தது 1966-இல். அவ்வாண்டு சனவரியிலேயே பாபா ஆல்ப்ஸ் மலையில் விமான விபத்தில் மாண்டார். மின்னணுத் துறைக்கென அரசாங்கத்தில் ஓர் இலாகா ஏற்படுவதற்கு 1970 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கணிப்பொறித் தொழிலில் ஏழாண்டு என்பது ஒரு தலைமுறை. மந்தையிற் குட்டிகள் குறைந்த காலம் அது.

அக்காலத்தில் வேறோரிடத்தில் விளக்கு ஏறிற்று. கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு ஒன்பது அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் 1962 முதல் 1972 வரை துணை நின்றன. 1963-ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஐ.பி.எம். 1620 பொறி அங்கு வந்தது. வாங்கிய பொறிதான், ஆனால் அதனைப் பூட்டி வைக்கவில்லை. மாணவர்களையே நேரே கையாள விட்டனர். நாட்டின் பல மூலைகளிலிருந்தும் வந்த ஆசிரியர்க்கும் விஞ்ஞானிகளுக்கும் குறுகிய காலப் பயிற்சி வகுப்புக்கள் நடத்தினர். இவ்வகையில் வாங்கிக் கொடுத்ததும் வளர்த்துவிட்டதும் ஒன்றாயின.

அவ்வகுப்புக்களை நடத்தியவர்களுள் வி. ராஜாராமன் ஒருவர். அவர் வரலாறு நம்மைப் போல் வெளி மாகாணத்தில் வாழும் தமிழர்க்கு உவப்பளிப்பது. 1933-இல் ஈரோட்டிற் பிறந்த அவர் பள்ளிக் கல்வி பெற்றது புது தில்லியில், அங்குக் குடியேறிய சென்னை மாகாணத்தார் தம் மக்களுக்காக நடத்திய பள்ளியிலே. குமாஸ்தாக்களும் கணக்கர்களும் தம் சம்பளத்தில் மிச்சம் பிடித்துத் தாங்கிய பள்ளிகள் அவை. அதுவும் ஒரு நிவந்தமே, கல்லில் வெட்டாதது.

பின்னர் வந்தவற்றை விரைந்து கூறலாம். 1986-இல் ஐக்கிய நாடுகளின் உதவியோடு எர்னெட் என்னும் கல்வி வலையமைப்பு தொடங்கியது. 1988-இல் பூனாவில் சி-டாக் நிறுவப்பெற்று, 1991-இல் பரம் 8000 வெளிவந்தது. 2015-இல் மீத்திறன் கணிப்பொறிகளுக்கென 4,500 கோடி ரூபாயும், 2024-இல் செயற்கை அறிவுத் திட்டத்துக்கென 10,300 கோடிக்கு மேலும் ஒதுக்கப்பட்டன. இத்தொகைகளில் பொறிக்கு எவ்வளவு, ஆளுக்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் வழக்கம் நமக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது.

ராஜாராமன் 1969-இல் கணிப்பொறிக்கு நிரல் எழுதும் முறை பற்றி ஒரு நூல் வெளியிட்டார். மாணவர் வாங்கத்தக்க மலிவான விலையில் அது விற்றது. சில ஆண்டுகளுக்கு முன், தில்லியின் ஞாயிற்றுக்கிழமைப் பழைய புத்தகச் சந்தையில் அவர் நூல் ஒன்றின் பழம்பிரதி நம் கைக்கு வந்தது. ஓரங்களிலெல்லாம் மூன்று வேறு கையெழுத்துக்களில், மூன்று நிற மையில், கணக்குகள் போடப்பட்டிருந்தன. கடைசிக் கையெழுத்துக்காரர் முதலாமவரின் பிழை ஒன்றைத் திருத்தியிருந்தார்.