கப்பல் வளர்த்த ஹோட்டலும் வீடு ஈன்ற விடுதியும்: கொள்ளுப்பிட்டியில் குடும்பம் தங்கிய வரலாறு

காலி முகத்திடலின் தென்முனையில் தொடங்கிப் பம்பலப்பிட்டி வரை கடலோரமாக நீளும் கொள்ளுப்பிட்டி, கொழும்புக்கு வந்தவரைத் தங்கவைக்கும் தொழிலின் இரு கிளைகளும் அருகருகே வளர்ந்த இடமாகும். அவற்றுள் ஒன்று கடல்வழி வந்த பயணியை எதிர்பார்த்து எழுந்த பெருவிடுதி. மற்றது குடியிருந்த வீடே தன் அறைகளைப் பிறருக்குத் திறந்துவிட்டதால் உண்டான சிறுவிடுதி. முன்னதன் பெருமை பலராலும் எழுதப்பட்டுள்ளது. பின்னதோ, விடுமுறையில் பிள்ளைகளுக்குத் தலைநகரைக் காட்ட வரும் நடுத்தரக் குடும்பத்தின் வாழ்க்கையோடு நெருங்கியதாயினும், உரிய கவனத்தைப் பெறவில்லை.

குடும்பமாக உலாவ வருவதற்கென்று இப்பகுதியில் ஓரிடம் ஒதுக்கப்பட்டதைக் காலி முகத்திடலில் உள்ள ஒரு கல்லே சொல்கிறது. ஆளுநர் சர் ஹென்றி வார்ட் 1856இல் தொடங்கி 1859இல் முடித்த உலாப்பாதையைக் கொழும்பின் பெண்கள், பிள்ளைகள் ஆகியோரின் நலன் கருதிப் பேணுமாறு, அடுத்து வரும் ஆளுநர்களிடம் ஒப்படைக்கும் வாசகம் அதில் பொறிக்கப்பட்டுள்ளது. அத்திடலின் தென்கோடியில் 1864இல் காலி முக ஹோட்டல் திறக்கப்பட்டது. 1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டு, 1875இல் கொழும்புத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டப்பட்ட பின்னர், கீழைத் தேசங்களுக்குச் செல்லும் கப்பல்கள் காலித் துறைமுகத்தை விட்டுக் கொழும்பையே நாடியதால், கடல்வழிப் பயணிகளை நம்பிய பெருவிடுதித் தொழில் இங்கே நிலைபெற்றது. அதன் உணவும் கட்டணமும் பழக்கவழக்கங்களும் அப்பயணிகளை முன்னிறுத்தி அமைந்தவையாதலால், உள்நாட்டுக் குடும்பம் அதனை வெளியே நின்று பார்த்ததே மிகுதி.

உள்நாட்டவரின் தங்கல் முறை வேறு மரபிலிருந்து வந்தது. வழிப்போக்கர் இளைப்பாறுவதற்காகச் சிங்கள ஊர்களில் தெருவோரம் கட்டப்பட்ட திறந்த கொட்டகையாகிய அம்பலமும், தமிழூர்களில் அறமாக நடத்தப்பட்ட மடமும் சத்திரமும் பழமையானவை. ஒல்லாந்தர், ஆங்கிலேயர் ஆட்சிக் காலங்களில் அரச உத்தியோகத்தரின் பயணங்களுக்காகப் பெருவீதிகளில் அமைக்கப்பட்ட தங்குமனை வாடிவீடு எனப்பட்டது. ஆயினும், உறவினர் ஒருவர் ஊரில் இருக்கையில் காசு கொடுத்து வேறிடத்தில் தங்குவது உறவுக்கே இழுக்கு என்று கருதிய சமூகத்தில், கொழும்புக்கு வரும் குடும்பத்தின் முதல் விடுதி உறவினர் வீட்டு விறாந்தையாகவே இருந்தது. செட்டியார் தெருவிலிருந்து ஆடி வேல் தேர் காலி வீதி வழியே கொள்ளுப்பிட்டியைக் கடந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் நாட்களில், அவ்வாறு வந்து கூடிய உறவினரால் வீடுகள் நிறைந்தன.

உறவினர் வீடு அனைவருக்கும் போதாமற்போனதற்குப் புகையிரதமே முதற்காரணம். 1905இல் வடக்குப் பாதை முழுமையாகி யாழ்ப்பாணம் கொழும்போடு இணைந்ததும், எழுதுவினைஞர் வேலைக்காக வந்த இளைஞர் பெருகினர். பலர் சேர்ந்து ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை வைத்து, மாதச் செலவைப் பங்கிட்டுக்கொண்ட ஏற்பாடு ‘சம்மரி’ எனப்பட்டது; வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டின் ஒரு பகுதி தனி வாசலோடு வாடகைக்கு விடப்பட்டால் அது ‘அனெக்ஸ்’ ஆயிற்று. கொள்ளுப்பிட்டியின் அகன்ற வளவுகள் துண்டுபட்டு, காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளாக மாறியபோது, பெரிய பங்களாக்கள் சில வாடகை அறைகளாகவும் பின்னர் விருந்தினர் விடுதிகளாகவும் உருமாறின. 1966இல் சுற்றுலாச் சபை நிறுவப்பட்டபின் இத்தொழில் அரசின் ஒழுங்குமுறைக்குள் வந்ததெனினும், வீட்டுக்காரரே வரவேற்பாளராக இருந்து, காலையில் இடியப்பமும் சொதியும் பரிமாறும் இயல்பு இத்தகைய விடுதிகளில் தொடர்ந்தது.

சொற்களின் போக்கும் இவ்வரலாற்றைக் காட்டுகிறது. கொழும்புத் தமிழில் ‘ஹோட்டல்’ என்பது பெரும்பாலும் சாப்பாட்டுக் கடையையே குறிக்கும். காலி வீதியில் கொத்துரொட்டிக்குப் பெயர்பெற்ற ஹோட்டல் டி பிலவூஸ் அதற்குச் சான்று. ‘லொட்ஜ்’ தங்குமிடத்தைக் குறித்தாலும், பம்பலப்பிட்டியின் சரஸ்வதி லொட்ஜ் சைவ உணவாலேயே அறியப்பட்டது. உணவும் உறைவிடமும் ஒன்றையொன்று பிரியாதவை என்ற எண்ணம் இப்பெயர் மயக்கத்தில் படிந்துள்ளது.

எனினும், ‘லொட்ஜ்’ என்ற சொல் தமிழருக்கு நீண்ட காலம் உல்லாசத்தை நினைவூட்டவில்லை. 1983 யூலை வன்செயலில் கொழும்புத் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அதன்பின் போர் வளர வளர, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை, வெள்ளவத்தை ஆகிய இடங்களின் லொட்ஜ்களில், வெளிநாட்டு விசாவுக்கும் மருத்துவத்துக்கும் வழக்குக்குமாக வடக்கு, கிழக்கிலிருந்து வந்தோர், பொலிஸ் பதிவுக்கும் அடையாள அட்டைச் சோதனைக்கும் உட்பட்டு, மாதக்கணக்கில் காத்திருந்தனர். 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் அவ்வாறு தங்கியிருந்த 376 பேர் பஸ்களில் ஏற்றப்பட்டுக் கொழும்பிலிருந்து வெளியேற்றப்பட்டனர். மறுநாளே உயர் நீதிமன்றம் அச்செயலைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. தலைநகரில் ஓர் அறையில் தங்குவது குடிமகனின் உரிமை என்பதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெறவேண்டியிருந்த அந்நாளை இத்தொழிலின் வரலாறு மறக்கலாகாது.

2009இல் போர் முடிந்து, 2014 ஒக்டோபரில் யாழ்தேவி புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வரை ஓடத் தொடங்கிய பின்னர், பிள்ளைகளோடு இரண்டு மூன்று நாட்கள் கொழும்பைப் பார்த்துத் திரும்புவது வடபுலக் குடும்பங்களுக்கு எளிதாயிற்று. அத்தகைய குடும்பத்துக்குக் கொள்ளுப்பிட்டியின் சிறுவிடுதி ஏற்றதாவது அதன் இருப்பிடத்தால் மட்டுமன்று. காலி முகத்திடலும், 1877இல் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும், விகாரமகாதேவிப் பூங்காவும் அண்மையில் உள்ளன. காலி வீதியின் 100, 101ஆம் இலக்க பஸ்கள் வெள்ளவத்தைக்கும் புறக்கோட்டைக்கும் கொண்டு சேர்க்கின்றன. ஆனால் குழந்தைக்குப் பால் காய்ச்சித் தருவார்களா, பாட்டி ஏறக்கூடிய படிகளா, மரக்கறிச் சமையலுக்குச் சட்டி வேறா, ஒரே அறையில் மேலும் ஒரு பாய் விரிக்கலாமா என்ற கேள்விகளுக்கு, வீடாக இருந்து விடுதியான கட்டடமே தயங்காமல் விடை சொல்கிறது.

போர்க்காலத்தில் தங்கவந்தவரிடம் லொட்ஜ் கேள்வி கேட்டது. யார், எங்கிருந்து, எதற்காக, எத்தனை நாள் என்பவை அதன் கேள்விகள். இன்று தங்கவருகின்ற குடும்பம் விடுதியிடம் கேள்வி கேட்கிறது. கேட்பவர் இடம் மாறிய இந்த மாற்றமே, பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகக் காலி முகத்திடலில் நாட்டப்பட்ட கல்லின் வாசகம் வடக்கிலிருந்து வரும் தாய்க்கும் பிள்ளைக்கும் பொருந்தத் தொடங்கியதன் அடையாளமாகும்.